மூவாயிரத்து இருநூறு

ஸ்வீர் ஆற்றின் வடகரை.
தலைக்கு மேல் இரண்டடுக்குப் பைன் கட்டை,
அதற்கு மேல் மண், அதற்கு மேல் பனி.
எனக்குக் கொடுத்த ஆயுதம் ஒரு ஹெட்போன், ஒரு பென்சில்,
கட்டம் போட்ட தாள்:
நேரம். அலைவரிசை. யார் யாருக்கு. என்ன.

மூன்று குளிர்காலம். ஒரு தோட்டாகூடச் சுடவில்லை.
கேட்டதை எழுதினேன்.
ஐந்தைந்தாக வரும் எண்கள்; அவற்றின் பொருள் எனக்கில்லை.
பொருள் பார்ப்பவர்கள் தெற்கே,
ஜன்னல் உள்ள அறைகளில் இருந்தார்கள்.

ஆனால் கை தெரியும்.
மோர்ஸ் சாவியைத் தட்டும் கை
இருமலைப் போல ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.
ஒருத்தி (பெண்தான் என்று வில்யோ சத்தியம் செய்தான்)
வெங்காயம் நறுக்குவது போல அடிப்பாள்.
இன்னொருவன் குடித்திருந்தால் ஏழு எட்டாகும்.
அப்புறம் நொண்டி.
மூன்று கோடு சேர்ந்து வந்தால் மூன்றாவதை இழுப்பான்,
சேற்றிலிருந்து பூட்ஸைப் பிடுங்குவது போல.
மாதம் பிறந்தால் அழைப்புக்குறி மாறும், அலைவரிசை மாறும்,
அந்த இழுப்பு மட்டும் அவனோடே வரும்.

மார்ச். இரவு இரண்டு நாற்பது.
யாரோ ஒருவன், விதியை மீறி, மறைகுறி இல்லாமல்:
சரக்கு வந்து சேர்ந்தது. 3200.
பதினோரு நொடி ஒன்றுமில்லை.
பிறகு நொண்டி: திரும்பச் சொல்.
3200.
திரும்பச் சொல்.
3200.
எனக்கே, இத்தனை காடு தாண்டி,
மணிமணியாகக் கேட்கிறது.
மூன்றாம் முறையும் கேட்டான்.

காலையில் தாள் மேலே போயிற்று.
மாலையில் தொலைபேசி: மூவாயிரத்து இருநூறு குண்டுகள்,
எந்த பீரங்கிக்கு, எந்தப் பாலம் வழியாக?
வரைபடத்தில் சிவப்பு ஊசி குத்தியாகிவிட்டது.
லெப்டினன்ட் ஹர்யுலாவிடம் சொன்னேன்:
குண்டு இல்லை சார், கிராம்.
குண்டுக் கணக்கை எவனும் மூன்று தடவை
கேட்டு வாங்கமாட்டான்.
அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார்,
மறுபடி துடைத்தார்.
'குண்டு' என்பதை அடித்து 'சொந்த விஷயம்' என்று எழுதினார்.
வறுத்த ரைக் காப்பிக் குவளையைத் தூக்கி
"நொண்டியின் மகளுக்கு" என்றான் வில்யோ.
மகள் என்று எப்படித் தெரியும்? யாரும் கேட்கவில்லை.

நல்லது செய்ததாக நினைத்துப் படுத்தேன்.

மறுவாரம் உத்தரவு: அந்தக் கையை விடாதே.
வாயைக் கட்டத் தெரியாதவர்கள் இருக்கும் வலை அது;
அவன் எங்கேயோ, டிவிஷன் அங்கே.
மூன்று திசைகாட்டி நிலையங்களிலிருந்து இழுத்த கோடுகள்
அவன் தலைமேல் ஒன்றையொன்று வெட்டின.
ஏரிக்கரை. ரயில் சந்திப்பு. மறுபடி காடு.
அவன் போனான், ஊசி போனது.

ஒருநாள் ஊசி இருந்த இடத்துக்கு எங்கள் விமானங்கள் போயின.
அன்றிரவு ஹெட்போனைக் கழற்றவே இல்லை.
நான்கு மணிக்கு வந்தான். இழுத்துக்கொண்டே வந்தான்.
"கேட்கிறது" என்றேன், வாய்விட்டு,
ஒலிபரப்பும் கருவியே இல்லாத குழியில்.
பென்சில் சீவிக்கொண்டிருந்த வில்யோ
தலை நிமிர்ந்து பார்த்தான்;
மறுபடி சீவத் தொடங்கினான்.

ஜூனில், இருட்டே வராத இரவுகளில்,
எல்லாக் கைகளும் ஒரே நாளில் நின்றன.
நேரம் எழுதினேன். அலைவரிசை எழுதினேன்.
'என்ன' என்ற கட்டத்தில்: ஒன்றுமில்லை.
நான் அனுப்பியதிலேயே பெரிய செய்தி அதுதான்.
ஐந்தாம் நாள் ஆற்றைத் தாண்டி வந்தார்கள்.

தாள்களை எரிக்கச் சொன்னார்கள், எரித்தோம்.
ஈரத்தாள். புகைதான் அதிகம்.

நாற்பத்தொன்பதில், குவோபியோ மருத்துவமனை.
தாதி கதவைத் திறந்து எடையைச் சொன்னாள்.
தெளிவாகத்தான் சொன்னாள்.
மன்னிக்கணும், திரும்பச் சொல்லுங்கள் என்றேன்.
சொன்னாள்.
இன்னொரு தடவை என்றேன்.
சிரித்துக்கொண்டே சொன்னாள்.
மூன்றாவது தடவைக்கு
எனக்கு வாய் வரவில்லை.